‘சும்மா விசாரணைதான்’ என்று தம்பியைக் கூட்டிப்போன இரவும் அதற்குப் பிறகும்

சென்னையில் ஒரு காவல் நிலையம் என் தம்பியை ஓர் இரவு முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரையும் வைத்திருந்தது. எஃப்.ஐ.ஆர். கிடையாது, கைது கிடையாது, புகாரைப் பதிந்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கிடையாது. அவன் அங்கே போனதற்கும் திரும்பி வந்ததற்கும் அவர்கள் பக்கத்தில் ஒரு வரி எழுத்து இல்லை. அன்றைக்கு அவன் வாங்கிய அடியைவிட இந்த எழுத்தில்லாத நிலைமைதான் எங்களைப் பல மாதம் அலைக்கழித்தது. வெளியே வந்த பிறகு, அவர்கள் எடுத்துவைத்த அவன் வண்டியைக் கேட்டால் ‘எந்த வண்டி?’ என்கிறார்கள். அடித்தது யார் என்றால் ‘அவன் இங்கே வரவே இல்லையே’ என்கிறார்கள். எந்த நேரத்தில் எதை எழுத வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல அந்த ராத்திரி எனக்கு ஒருவரும் இல்லை. அப்பா அம்மா போளூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். இங்கே நானும் தம்பியும் மட்டும்தான். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மனித உரிமை ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் ஸ்டேஷன் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம்.

தம்பிக்கு 24 வயது. சாப்பாடு டெலிவரி வேலை. வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டு நள்ளிரவு 12 மணி வாக்கில் திரும்பும்போது வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் காட்டியிருக்கிறான். ஒருவர் மொபைலை நீட்டி அவன் முகத்தைப் படம் எடுத்தாராம். முகத்தை வைத்துப் பழைய குற்றவாளிகளைத் தேடும் மென்பொருளைத் தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் வைத்திருக்கிறது. ராத்திரியில் டெலிவரி வண்டி ஓட்டுகிற பையன்களுக்கு இது பழகிப்போன விஷயம். அதில் இவன் முகத்துக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த வாரம் பக்கத்தில் ஒரு செயின் பறிப்பு நடந்திருக்கிறது. சிசிடிவியில் கறுப்பு ஹெல்மெட், கறுப்பு வண்டி. இவனிடமும் கறுப்பு ஹெல்மெட், கறுப்பு வண்டி. சென்னையில் இதே அடையாளத்தோடு ஓடுகிற வண்டிகளை எண்ணி முடிக்க முடியாது. வண்டி வேறொருவர் பெயரில் இருந்தது கூடுதல் சந்தேகம். “பத்து நிமிஷம்பா, சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்” என்று சொல்லிவிட்டு போனை வாங்கி அணைத்துவிட்டார்கள்.

இது எனக்குத் தெரியவந்தது அவனோடு வேலை செய்கிற இன்னொரு பையனால். அவன் எதிர்ப்பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ரோந்து வாகனத்தின் நம்பர், இடம், நேரம் மூன்றையும் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தான். கிட்டே போய் வாதம் செய்யவில்லை, வீடியோ எடுக்கிறேன் என்று நிற்கவில்லை. அந்தக் குழுவில் 12.21-க்கு விழுந்த அந்த ஒற்றைச் செய்திதான் இன்றுவரைக்கும் எங்கள் கையில் இருக்கிற முதல் ஆதாரம். உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், இப்படி ஒரு குழு இருக்கிறதா, அதில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ பிடித்து, சோதனை நடந்த இடத்துக்கு உரிய ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் பாரா நின்றவர் “அப்படி யாரும் இங்க இல்லம்மா” என்றார். உள்ளே இன்னொருவரும் அதையே சொன்னார். திரும்பி வாசலுக்கு வரும்போது ஒரு பெண் காவலர் தண்ணீர் பாட்டிலை நிரப்புவதுபோல் பக்கத்தில் வந்து, “கிரைம்ல கேளுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அதுவரை தெரியாது: சென்னையில் ஒரே ஸ்டேஷனுக்குள் சட்டம் ஒழுங்கு தனி, குற்றப்பிரிவு தனி. இன்ஸ்பெக்டரே வேறு வேறு. அது போதாதென்று சரகத்துக்குத் தனிப்படை வேறு உண்டு. அவர்கள் ஆளைப் பிடித்துத் தங்களுக்கு வசதியான இடத்தில் வைத்துக்கொள்வார்கள். அதனால் ‘இங்கே இல்லை’ என்ற பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். லா அண்ட் ஆர்டரிலா, கிரைமிலா, தனிப்படையிடமா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே இவளுக்கு விஷயம் தெரியும் என்று ஆகிவிடும். என் தம்பி பக்கத்து ஸ்டேஷனின் மாடியில், கிரைம் அறையில் இருந்தான்.

அங்கே போவதற்கு முன் நான் செய்த ஒரு காரியம் பின்னால் பெரிதாக உதவியது. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே 100-க்குப் போன் போட்டு, தம்பி பெயர், வயது, எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தில் ஏற்றினார்கள் என்று சொன்னேன். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதுதான். ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்பு நேரத்தோடு பதிவாகும். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலிலும் இருக்கும். பின்னாளில் ‘இந்தம்மா யோசித்து யோசித்துக் கதை கட்டுகிறார்’ என்று யாராலும் சொல்ல முடியாது. 112-க்குப் பேசினாலும் இதே பலன்தான்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி, “நீ யாரும்மா? இந்த நேரத்துல பொம்பள தனியா ஸ்டேஷனுக்கு வரலாமா?” நான் அக்கா என்றேன். என்ன கேஸ் சார் என்று கேட்டேன். “கேஸெல்லாம் இல்ல, சும்மா விசாரணைதான். காலைல வந்து கூட்டிட்டுப் போ.” அப்படியானால் இப்போதே அனுப்புங்களேன் என்றதற்கு, “எங்களுக்கு 24 மணி நேரம் வெச்சிக்க பவர் இருக்கு” என்றார். இதைத்தான் எல்லோரும் நம்புகிறோம். நானும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றேன். மறுநாள் வக்கீல் விளக்கியபோது ஆத்திரமாக வந்தது. அரசியலமைப்பின் 22-வது பிரிவு சொல்லும் 24 மணி நேரம், *கைது செய்யப்பட்டவரை* மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்கான கடைசிக் கெடு. பயண நேரம் மட்டும்தான் அதில் கழியும். கைது செய்யாத ஆளை 24 மணி நேரம் வைத்துக்கொள்ள அது கொடுத்த அனுமதிச் சீட்டு கிடையாது. கைது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் ஒரு சாட்சியின் கையெழுத்து வேண்டும், காரணத்தை ஆளிடம் சொல்ல வேண்டும், எங்கே வைத்திருக்கிறோம் என்று உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இதையெல்லாம் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே வகுத்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலும் இவை 36, 47, 48, 53 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. கைது தேவையில்லை, விசாரித்தால் போதும் என்றால் 35(3) பிரிவில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒரு தேதிக்கு வரச்சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போனில் ‘ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ’ என்று கூப்பிட்டால், ‘வருகிறேன் சார், நோட்டீஸ் கொடுங்கள்’ என்று பணிவாகக் கேட்கலாம். நோட்டீஸ் வந்துவிட்டால் கட்டாயம் போக வேண்டும். போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்யலாம்.

என்னை மாடிக்கு விடவில்லை. கீழே பெஞ்சிலும் இருக்க விடவில்லை. எதிரே மூடியிருந்த டீக்கடையின் திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை மறைக்கப்போவதில்லை. 2022 ஏப்ரலில் கெல்லீஸ் பக்கம் இதேபோல ராத்திரி வாகனச் சோதனையில் பிடிபட்ட விக்னேஷ் என்ற இளைஞர் மறுநாள் உயிரோடு இல்லை. கொலை வழக்காக மாறிப் போலீஸ்காரர்களே கைதானார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரும் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். நகை காணவில்லை என்று ஒரு புகார், அவ்வளவுதான். நம் ஊரில் போலீஸ் பிடித்தவர்கள் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கை உடைந்து மாவுக்கட்டோடு நிற்கும் படங்கள் வந்தால் மீம் போட்டுச் சிரிக்கிறோம். ‘திருடனுக்கு வேணும்’ என்கிறோம். திருடன்தான் என்று முடிவு செய்தது யார் என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மாடி ஜன்னலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

தூக்கம் வராத அந்த நேரத்தில் போனில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். காவல் ஆணையர் அலுவலகம், துணை ஆணையர், மாநில மனித உரிமை ஆணையம் மூன்றுக்கும். முகவரிகள் அந்தந்த இணையதளத்திலேயே இருக்கின்றன. அழுகை, புலம்பல் எதுவும் எழுதவில்லை. யார், எங்கே, எப்போது, எந்த வாகனம், இப்போது எந்தக் கட்டடத்தில், நான் யார், என் நம்பர், நான் இப்போது வாசலில் இருக்கிறேன். அவ்வளவுதான். அனுப்பியபோது மணி 2.40. பதில் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. இதை வக்கீலிடம் காட்டியபோதுதான் அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு வந்தது. முன்பெல்லாம் ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்றால் வக்கீல்கள் முதலில் ஓடுவது தந்தி ஆபீஸுக்குத்தானாம். கமிஷனருக்கும் கோர்ட்டுக்கும் ஒரு தந்தி அடித்துவிட்டால், அதில் இருக்கும் நேர முத்திரையை வைத்தே, ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு நிற்கும், சட்டவிரோதக் காவலும் நிரூபணமாகும். 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. “இப்ப இமெயில்தான்மா தந்தி” என்றார்.

வக்கீல் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஓனர் கொடுத்த நம்பர். காலை 7 மணிக்கு எடுத்தார், 10 மணிக்குத்தான் வந்தார், ஸ்டேஷனுக்கு வருவதற்கு மட்டும் 12,000 ரூபாய். அந்த நேரத்தில் 50,000 கேட்டிருந்தாலும் தாலி, தோடு எதையாவது வைத்துக் கொடுத்திருப்பேன். அவர் வேலையைச் செய்தார், குறை சொல்லவில்லை. ஆனால் 15100 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவினுடையது. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநில ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். இது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு மனித உரிமை ஆணையத்துக்கான மனுவெல்லாம் எனக்கு எழுதித் தந்தது அங்கிருந்து வந்த ஒரு பெண் வக்கீல்தான். அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை. இன்னொன்று: கைது செய்து விசாரிக்கும்போது தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை பி.என்.எஸ்.எஸ். 38-இல் இருக்கிறது. விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்கார முடியாது, இடையில் சந்திக்கலாம். எங்கள் விஷயத்தில் ‘கைதே இல்லையே, எதுக்கு வக்கீல்?’ என்று கேட்டார்கள். பதிலுக்கு எங்கள் வக்கீல் “கைதே இல்லன்னா எழுந்து போகச் சொல்லுங்க சார்” என்றார். அதற்கப்புறம்தான் கீழே அனுப்புகிற பேச்சே தொடங்கியது.

மத்தியானம் ஒரு மணி வாக்கில் தம்பியைக் கொண்டுவந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்திருந்தான். அப்போது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போம்மா. விசாரணைக்கு வந்தான், நல்லபடியா திரும்ப அழைத்துச் செல்கிறேன், எந்தப் புகாரும் இல்லைனு எழுது. தேதி நாங்க போட்டுக்கறோம்” என்றார். வக்கீல் வெளியே போனில் இருந்தார். கை நடுங்கியது. ஆனாலும் நான் ஒரு நோட்டுப் புத்தகக் கம்பெனியில் பில் போடுகிறவள். தேதியில்லாமல் ஒரு சீட்டு என் கையிலிருந்து போகாது. மேலே வலது மூலையில் தேதி போட்டேன். ‘நேற்று நள்ளிரவு 12.20 மணிக்கு வாகனச் சோதனையில் அழைத்து வரப்பட்ட என் தம்பியை இன்று பகல் 1.10 மணிக்கு என்னிடம் ஒப்படைத்தார்கள். அவனுடைய வண்டியும் செல்போனும் ஸ்டேஷனில் உள்ளன’ என்று எழுதி, வண்டி நம்பரையும் போட்டு, கடைசி வரிக்குக் கீழே இடமில்லாமல் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, மிச்சத் தாளில் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். புகார் இல்லை என்று எழுதவில்லை. ரைட்டர் படித்துப் பார்த்து எஸ்.ஐ.யிடம் கொண்டுபோனார். எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரொம்ப விவரமா இருக்கியே” என்றார். வாசலில் வக்கீல் நின்றதாலோ என்னவோ, வேறு தாள் கேட்கவில்லை. நகல் கேட்டதற்குத் தரவில்லை. வெளியே வந்ததும் அதே வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்து முந்தைய மின்னஞ்சலுக்குத் தொடர்ச்சியாக அனுப்பினேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு தாள் நீட்டப்படும். அனேகமாக எல்லா ஸ்டேஷனிலும் இந்த வழக்கம் இருக்கிறது. ஆளை மீட்கிற அவசரத்தில் எல்லோரும் சொன்னதை எழுதிக் கொடுத்துவிடுவார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. எழுதியே தீர வேண்டும் என்றால் வந்த நேரம், போகும் நேரம், அங்கே விட்டுப்போகும் பொருள், இந்த மூன்றையாவது நுழைத்துவிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் கூடாது. தம்பியிடம் ராத்திரியே சில வெற்றுத்தாள்களில் வாங்கியிருந்தார்கள். அடி விழும்போது யார் மறுக்க முடியும்? அப்படி வாங்கியிருந்தால் வெளியே வந்தவுடன் எழுதும் முதல் புகாரிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். விசாரணையில் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பதுதான் சட்டம், பி.என்.எஸ்.எஸ். 181.

அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனை. தம்பி வீட்டுக்குப் போகலாம், பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றான். நான் விடவில்லை. அவன் உள்ளங்கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. தொடையின் பின்பக்கம் கன்றிப்போய்க் கோடு கோடாக. அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் “எப்படி ஆச்சு?” என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். “போலீஸ் அடிச்சாங்க சார், அப்படியே எழுதுங்க” என்றேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு எழுதினார். இதற்குப் பெயர் ஏ.ஆர். என்ட்ரி, விபத்துப் பதிவேடு. நீங்கள் சொல்லும் காரணம், காயத்தின் அளவு, நிறம், நேரம் எல்லாம் அதில் ஏறும். ‘கீழே விழுந்துட்டேன்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் மாற்ற முடியாது. ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். காயத்தை நல்ல வெளிச்சத்தில், முகமும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். கன்றிய இடம் மறுநாள்தான் நன்றாக நிறம் ஏறும் என்பதால் அன்றைக்கும் எடுங்கள். ஒரு வேடிக்கை, மருத்துவமனையிலிருந்து இந்தத் தகவல் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குத்தான் போகும். அதாவது அடித்தவர்களிடமே. போகட்டும், அதுவும் ஒரு தேதியிட்ட காகிதம்தானே.

உடம்பு ஒரு மாதத்தில் தேறிவிட்டது. வண்டிதான் வரவில்லை. வழக்கில் பறிமுதல் செய்திருந்தால் மகஜர் என்கிற பறிமுதல் குறிப்பு இருக்கும், 95 ஃபார்ம் என்ற படிவத்தோடு வண்டி விவரம் கோர்ட்டுக்குப் போகும், நாம் கோர்ட்டில் மனுப் போட்டு இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் போட்டுத் துருப்பிடிக்க விடக்கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் எங்கள் வண்டிக்கு வழக்கே இல்லை. இல்லாத வழக்கில் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? போகும்போதெல்லாம் ரைட்டர் லீவு, எஸ்.ஐ. பந்தோபஸ்து, சாவி இன்ஸ்பெக்டர் பீரோவில். ஒரு நாள், “வண்டி அப்பா பேர்ல இருக்கில்ல, அவரை ஊர்லருந்து வரச்சொல்லு, விசாரிக்கணும்” என்றார்கள். அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை. போன் வந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பிவிட்டார். அப்போதுதான் சட்டப் பணிகள் வக்கீல் அம்மா இதைச் சொன்னார்: சாட்சியாக விசாரிப்பது என்றால் 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையோ, 15 வயதுக்குக் கீழுள்ள பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். அதுவும் எழுத்தில் கூப்பிட வேண்டும், தங்கள் எல்லையிலோ அடுத்த ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரை மட்டும்தான் கூப்பிடலாம். பி.என்.எஸ்.எஸ். 179. இதை நான் போனில் சொன்னதும் எதிர்முனையில் “சட்டம் பேசாதம்மா” என்றார்கள். ஆனால் அப்பாவை மறுபடி கூப்பிடவில்லை.

வண்டி வந்தது பதிவுத் தபாலால். வேப்பேரியில் ஆணையர் அலுவலகத்துக்கும், துணை ஆணையருக்கும், அந்த இன்ஸ்பெக்டருக்குமே ஒரு பிரதியுமாக ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். கதை இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. நேரவாரியாக நடந்தது, இணைப்பில் வாட்ஸ்அப் செய்தி, 100-க்குப் பேசிய அழைப்புப் பதிவு, மின்னஞ்சல், ஏ.ஆர். காப்பி. கூடவே தனியாக ஒரு கடிதம்: அன்றைய இரவின் ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று. இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, அதிகாரிகள் அறை என்று எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறை எப்படி என்பதற்கு அதே ஆண்டு சாத்தான்குளம் போதும். ஸ்டேஷனில் போலீஸ் அடித்த தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்த பிறகு மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது, வன்தட்டில் இடம் தாராளமாக இருந்தும் அன்றாடப் பதிவு தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தது தெரியவந்தது. எங்களுக்கும் ‘கேமரா பழுது’ என்றுதான் பதில் வந்தது. எழுத்தில் வந்தது, அதுவரை சரி. ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்த அடுத்த வாரமே அந்த ஸ்டேஷனிலிருந்து போன். அதே குரல், இப்போது “அம்மா, வண்டிய வந்து எடுத்துக்கங்க.” பேட்டரி செத்திருந்தது, பெட்ரோல் சுத்தமாக இல்லை, ஹெல்மெட் காணோம். போன் மட்டும் இன்றுவரை வரவில்லை. அதை அன்றிரவே அவன் விரலைப் பிடித்து வைத்துத் திறந்திருக்கிறார்கள். டெலிவரிப் பையன்கள் இப்போது கைரேகையை எடுத்துவிட்டு எண் பூட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் 12,000. தம்பி மறுபடி வேலைக்குப் போக மின்சார ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 280, அது மட்டும் 17,000 ரூபாய் ஆனது. பழைய போன் ஒன்று 7,500. வண்டி ரிப்பேர் 2,800. போய்விட்ட போனுக்கு மாதத் தவணை இன்னும் ஓடுகிறது. என் சம்பளத்தில் பிடித்த நாட்களையும் சேர்த்தால் 50,000-ஐத் தொடும். அந்தச் செயின் பறிப்பில் வேறு ஆட்கள் பிடிபட்டார்கள் என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்களிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லை.

பசுமைவழிச் சாலையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்தில் மனுக் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். காவல்துறைக்கு எதிரான புகார்களுக்கென்றே தனி ஆணையம் வேண்டும், மாநில அளவில் அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டபோது உள்துறைச் செயலாளரையே தலைவராக்கிவிட்டது. காவல்துறை அவர் துறையில்தான் வருகிறது. அதனால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. தம்பிக்கு மனித உரிமை ஆணையத்துக்குப் போனதே பிடிக்கவில்லை. “வண்டி வந்துடுச்சில்ல, விடுக்கா. நான் ராத்திரி இதே ரோட்லதான் வரணும்” என்கிறான். அவன் பயம் நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனு என் பெயரில் இருப்பதால் தொடர்கிறது, அவ்வளவுதான்.

போன வாய்தாவில் ஸ்டேஷன் தரப்பில் பதில் மனு தாக்கல் செய்தார்கள். அப்படி யாரையும் இரவில் அழைத்து வந்து வைத்திருக்கவில்லை, மனுதாரரின் தம்பி பகலில் தானாக வந்து சற்று நேரம் இருந்துவிட்டுப் போனார், அதற்கு மனுதாரரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நாலு பத்தி. இணைப்பாக, எனக்கு நகல் தர மறுத்த அந்தத் தாள். என் கையெழுத்தில் 12.20, 1.10, வண்டி நம்பர், செல்போன், அடியில் குறுக்குக் கோடு. வக்கீல் அம்மா அதை என் பக்கம் திருப்பிக் காட்டி, “இதைப் படிச்சுப் பார்க்காமலே வெச்சிருக்காங்க போல” என்றார். மறுமொழி மனுவை அடுத்த வாய்தாவுக்குள் கொடுக்க வேண்டும். டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறோம்.